வீட்டிலிருக்கும் பழைய கறுப்பு சைக்கிளை ஸ்டீம்பங்க் வண்டியாக்குவது எப்படி?

தாத்தா ஓட்டிய கம்பி பிரேக் சைக்கிள் ஒன்று மாட்டுக் கொட்டகையில் கிடக்கிறது. அதைப் பித்தளையும் செம்பும் தோலும் சேர்த்து நீராவி எந்திரக் காலத்து வண்டிபோல மாற்ற வேண்டும். ஆனால் கண்காட்சிப் பொருளாக நிற்காமல் அன்றாடம் ஓடவும் வேண்டும். எங்கே தொடங்குவது, எதில் பணம் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய சைக்கிள்களைப் பிரித்து மாட்டுவதையே பல ஆண்டுகளாக விருப்ப வேலையாக வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: உதிரிபாகம் தேடுவதற்கு முன் ஓர் ஆண்டைத் தேர்ந்தெடுங்கள். நான் சொல்லும் ஆண்டு 1905.

ஸ்டீம்பங்க் என்று தேடினால் கண்ணில் படும் வண்டிகளில் பாதி, கைக்கடிகாரத்தின் பற்சக்கரங்களைப் பசை போட்டு ஒட்டியவை. எதனோடும் பல் சேராத பற்சக்கரம், எங்கிருந்தும் கிளம்பாமல் எங்கும் போய்ச் சேராத செம்புக் குழாய், முள் அசையாத அழுத்தமானி. இவற்றைப் பார்த்ததும் மனம் கவராததற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து எந்திரங்களின் அழகு முழுவதும் அவற்றின் வேலை வெளியே தெரிந்ததில்தான் இருந்தது. பிரேக் பிடித்தால் எந்தக் கம்பி எந்தக் கம்பியை இழுக்கிறது என்பதைச் சிறுவன்கூடக் கண்ணால் பின்தொடரலாம். எண்ணெய் விடும் துளைக்கு மூடி இருந்தது. திருகுக்குத் தலை இருந்தது. மறைத்து வைக்க அவர்களுக்கு அவசியம் வரவில்லை. ஆகவே உங்கள் வண்டியில் சேர்க்கும் ஒவ்வொன்றும் ஏதாவது வேலை செய்யட்டும், அந்த வேலையை 1905ஆம் ஆண்டின் நல்ல பட்டறை ஒன்று செய்திருக்கக்கூடியதாகவும் இருக்கட்டும். இந்த ஒரு விதியைக் கடைசிவரை விடாமல் பிடித்தால் வண்டி தானாகவே அழகாகிவிடும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஏன் 1905? இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி தன் ரோவர் சைக்கிளை 1885இல் கொண்டுவந்தார். ஏறக்குறைய சம அளவுள்ள இரண்டு சக்கரங்கள், பின்சக்கரத்துக்குச் செயின் என்று இன்றைய சைக்கிளின் உருவம் அங்கேதான் நிலைபெற்றது. 1888இல் பெல்ஃபாஸ்டில் டன்லப் காற்றடைத்த டயரைச் செய்தார். 1896இல் பௌடன் கேபிளுக்கு, அதாவது உறைக்குள் ஓடி பிரேக்கை இழுக்கும் கம்பிக்கு, காப்புரிமை பெறப்பட்டது. மிதிக்காமலே உருளவிடும் ஃப்ரீவீல் 1900ஐ ஒட்டிப் பரவியது. 1902இல் ஸ்டர்மி ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று கியர் ஹப் (சக்கரத்தின் நடு உருளை) வந்தது. கால்சியம் கார்பைடு விளக்கு அதற்குள் வழக்கத்துக்கு வந்துவிட்டது. அதாவது 1905ஐ எடுத்துக்கொண்டால் வசதியாக ஓட்டத் தேவையான எல்லாமே உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. குரோம், பிளாஸ்டிக், நட்சத்திரத் தலைத் திருகு போன்ற பிற்காலச் சங்கதிகள் மட்டும் வெளியே நின்றுவிடுகின்றன. பெரிய முன்சக்கரமும் குட்டிப் பின்சக்கரமும் கொண்ட 1870களின் வண்டியைக் கட்ட ஆசை இருந்தால் அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெடல் நேரடியாக முன்சக்கரத்தோடு இணைந்திருக்கும். சிறு கல் தடுக்கினாலும் ஆள் தலைகுப்புற முன்னால் விழுவார். நம் ஊர்ச் சாலைக்கு அது ஒத்துவராது.

உங்களிடம் இருப்பது எவ்வளவு நல்ல அடித்தளம் என்பதைச் சொல்ல வேண்டும். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ், அம்பத்தூரில் ஹெர்குலிஸ், பிலிப்ஸ், பி.எஸ்.ஏ. ஆகிய ஆங்கிலப் பெயர்களில் வண்டிகளைச் செய்தது. பெயர் மட்டுமா வந்தது, வடிவமும் அப்படியே வந்தது. 28 அங்குல சக்கரம், கம்பி பிரேக், லக் எனும் மூட்டு உறை வைத்துப் பித்தளையால் பற்றவைத்த எஃகுக் குழாய், பின்னுக்குச் சாய்ந்த ஃபோர்க், முழு செயின் கவர் என இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயப் பட்டறைகள் எட்டிய வடிவம் அது. இங்கிலாந்தே அதைக் கைவிட்ட பிறகும் நம் பால்காரர்களும் தபால்காரர்களும் அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஐரோப்பாவில் இத்தகைய வண்டியைக் கட்ட விரும்புபவர்கள் பழம்பொருள் சந்தைகளில் அலைகிறார்கள். உங்களுக்கு அது கொட்டகையில் கிடைத்திருக்கிறது.

முதலில் துடைத்துவிட்டு நன்றாகப் பாருங்கள். வண்ணம் பாதிக்கு மேல் பிழைத்திருந்து, தங்கக் கோடுகளும் நிறுவன முத்திரையும் தெரிந்தால், பிரேமைச் சுரண்டாதீர்கள். மெல்லிய எண்ணெயும் பழைய பருத்தித் துணியும் போதும். செயின் கவரில் தாத்தாவின் பெயரை எழுதி வாங்கியிருந்தால் அதை எந்தக் காரணத்துக்காகவும் அழிக்கக் கூடாது. ஊராட்சியோ நகராட்சியோ அந்நாளில் கொடுத்த சைக்கிள் உரிம வில்லை ஏதாவது கைப்பிடியிலோ அச்சிலோ மாட்டியிருக்கிறதா என்றும் தேடுங்கள். கடையில் வாங்கும் எந்த அலங்காரத்தையும்விட அந்தச் சின்னத் தகடு மேலானது.

அடுத்து பிரேம் நேராக இருக்கிறதா என்பது. இதற்கு ஒரு நூல்கண்டு போதும். பின்சக்கர அச்சு உட்காரும் ஒரு பக்கப் பிளவில் நூலைக் கட்டி, ஹேண்டில்பார் தண்டு நுழையும் முன்பக்க பிரேம் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கப் பிளவில் இறுக்கிக் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளியை இரண்டு பக்கமும் அளந்தால் சமமாக வர வேண்டும். ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசம் பரவாயில்லை. அதற்கு மேல் போனால் அனுபவமுள்ள சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்து நிமிர்த்திக்கொள்ளுங்கள். பிறகு பெடல் அச்சு உட்காரும் கூட்டின் உட்புறத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். மழைநீர் எல்லாக் குழாய்களிலும் இறங்கி வந்து தங்கும் இடம் அதுதான். திருப்புளி முனையால் குத்தினால் உள்ளே போகுமளவுக்குத் துரு தின்றிருந்தால் அந்த பிரேமைச் சுவரில் மாட்டி வையுங்கள், ஓட்ட வேண்டாம். ஃபோர்க்கின் தண்டு தலைப்பகுதியோடு சேரும் வளையத்தைச் சுற்றி மயிரிழை போன்ற விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அங்கே உடைந்தால் முன்னெச்சரிக்கையே இருக்காது.

பிரிக்கும்போது எல்லோரையும் அழவைப்பது, கிராங்கை (பெடல் தண்டை) அச்சோடு இறுக்கும் ஆப்பு போன்ற காட்டர் பின். அதை நேரே சுத்தியலால் அடித்தால் மரை மழுங்கும், பின் வளையும், உள்ளே இருக்கும் பால்ரஸ் கிண்ணத்திலும் தழும்பு விழும். இரண்டு மூன்று நாள் மண்ணெண்ணெயும் எண்ணெயும் கலந்து ஊறவிடுங்கள். பிறகு கிராங்கின் அடியில் ஓர் இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்து, அதன் அடி தரையில் உட்காரும்படி வைத்து, ஒரே அடியாக அடியுங்கள். குழாய் வழியாக அதிர்ச்சி தரைக்குப் போய்விடும். மாட்டும்போது புதுப் பின் போடுங்கள். அதன் சாய்ந்த முகத்தை அரத்தால் தேய்த்துச் சரியாக உட்கார வைப்பது பழைய கடைக்காரர்களுக்குத் தெரிந்த கலை. பால்ரஸ் குண்டுகளை எண்ணிப் பார்க்காமல் மொத்தமாகப் புதிதாக வாங்கிவிடுங்கள். விலை குறைவு, ஓட்டத்தில் தெரியும் வித்தியாசமோ மிகப் பெரிது.

இந்தக் கட்டத்தில் ஒரு வேண்டுகோள். ஓவர்ஹால் செய்து, கோட்டம் எடுத்து, அலங்காரம் ஒன்றும் சேர்க்காமல் வெறும் வண்டியாக மாட்டி ஒரு மாதம் ஓட்டுங்கள். சீட் உயரம், கைப்பிடியின் தூரம், முட்டி எங்கே வருகிறது, குதிகால் எங்கே உரசுகிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். செம்புக் குழாயை வளைத்துப் பூட்டிய பிறகு முட்டி இடிக்கிறது என்று கண்டுபிடித்தால் வேலை எல்லாம் வீண். வேட்டியோ புடவையோ கட்டிக்கொண்டு ஓட்டுபவர் வீட்டில் இருந்தால் துணி மாட்டக்கூடிய கூர்முனை எதுவும் கால் பக்கம் இருக்கக் கூடாது என்பதையும் அந்த மாதத்திலேயே முடிவு செய்துவிடலாம்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் தோற்றத்துக்காக முதலில் பலியாவது அதுதான். கம்பி பிரேக்கில் கட்டைகள் மேல்நோக்கி இழுபட்டு ரிம்மின் உள்முகத்தில் அழுந்துகின்றன. இதற்கென்றே இரு ஓரங்களும் உருண்டு வளைந்த வெஸ்ட்வுட் ரிம் வேண்டும். சாதாரண ரிம்மில் வேலை செய்யாது. காய்ந்த சாலையில் நன்றாகப் பிடிக்கும். மழையில் எஃகு ரிம் நனைந்தால் முதல் சில சுற்றுக்கு ஒன்றும் நடக்காது. என் ஆலோசனை, கம்பிகளை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவு அழகாக வேலையை வெளிக்காட்டும் பாகம் உங்கள் வண்டியில் வேறு கிடையாது. அவற்றின் மூட்டுகளைப் பித்தளையில் கடைந்து மாற்றலாம், கம்பிகளுக்கு நிக்கல் முலாம் பூசலாம். ஆனால் முன்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள ஹப் ஒன்றைச் சேர்த்து, அதைத் தனிக் கேபிளில் இயக்குங்கள். டிரம் மூடியிருப்பதால் மழை பாதிக்காது. பார்வைக்கும் அது கனத்த எந்திரத் துண்டுபோலவே இருக்கும். கேபிள் வந்த ஆண்டு 1896 என்பதால் நம் விதிக்கும் குறைவில்லை.

அந்தக் காலத்துப் படங்களில் டயரின் மேலேயே கரண்டி போன்ற தகடு அழுந்தும் பிரேக்கைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்து மாட்ட மிகவும் ஆசை வரும். மாட்டலாம், மூன்றாவது பிரேக்காக மட்டும். டயரைத் தேய்த்துத் தின்பதோடு, மணல் ஒட்டினால் வழுக்கவும் செய்யும்.

கியருக்கு வருவோம். நம் ஊர் வண்டியில் முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்பது வழக்கமான கூட்டு. அதில் ஒரு முழு மிதிக்கு வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் நகரும். சமதரையில் சுகம், மேம்பாலத்தில் வேதனை. ஸ்டர்மி ஆர்ச்சரின் ஏ.டபிள்யூ. ஹப் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். 1936இல் வந்த மாதிரி அது. ஆனாலும் 1902இன் தலைமுறையைச் சேர்ந்ததுதான், வெளியே வழவழப்பான உருளை, உள்ளே கோள்பற்சக்கரங்கள். முதல் கியர் நேர் கியரின் (நடு கியரின்) முக்கால் பங்கு. மேம்பாலத்தில் மிதிக்கு நான்கு மீட்டராகக் குறைந்துவிடும். மூன்றாவது கியர் மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பழைய ஹப்பின் உடலில் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும் என்பதால் எப்போது செய்தது என்று நீங்களே படித்துக்கொள்ளலாம். உள்ளே இருக்கும் அந்த வேலைப்பாடுதான் உண்மையான ஸ்டீம்பங்க். அது வெளியே தெரியாமல் போகிறதே என்று எனக்கு எப்போதும் ஒரு வருத்தம். கைப்பிடி ஓரத்தில் அதற்கான பித்தளை நெம்புகோல் ஒன்றைக் கடைந்து வைத்தால் அந்த வருத்தம் ஓரளவு தீரும். பின்சக்கர ரிம்மில் 40 துளை, முன்னால் 32 என்பது இந்த வகை வண்டிகளின் பழைய ஆங்கில வழக்கம். ஹப் வாங்கும்போது துளை எண்ணிக்கையைச் சரிபார்த்து வாங்குங்கள்.

இனி உலோகம். குரோம் முலாம் 1920களின் பிற்பகுதியில்தான் பரவியது. அதற்கு முன் எல்லாம் நிக்கல். குரோம் நீலம் பாய்ந்த குளிர்ந்த பளபளப்பு. நிக்கலில் இளமஞ்சள் சாயல் ஒன்று இருக்கும், பித்தளைக்குப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் இணக்கமாக இருக்கும். முலாம் பட்டறையில் நிக்கல் மட்டும் கேட்டால் சிலர் செய்வதில்லை என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அலங்காரக் குரோமின் அடியில் எப்படியும் நிக்கல் பூச்சு உண்டு. 'நிக்கல் தொட்டியோடு நிறுத்திவிடுங்கள், குரோம் தொட்டிக்குப் போக வேண்டாம்' என்று கேளுங்கள், புரிந்துவிடும். முலாமுக்குக் கொடுக்கும் முன் தேய்த்து வழவழப்பாக்குவது பாதி வேலை. குழி விழுந்த இரும்பில் எவ்வளவு நல்ல முலாம் பூசினாலும் குழி இன்னும் தெளிவாகத்தான் தெரியும். ஸ்பிரிங்குகளை மட்டும் முலாமுக்குக் கொடுக்காதீர்கள். அமிலத்திலும் தொட்டியிலும் இருக்கும்போது உள்ளே புகும் ஹைட்ரஜன் கடினமான எஃகை உடையும்படி செய்துவிடும்.

பித்தளையைச் சுமை தாங்கும் இடத்தில் வைக்காதீர்கள். ஹேண்டில்பார், அதன் கழுத்து, சீட் தண்டு, அச்சு ஆகியவை எஃகாகவே இருக்கட்டும். பித்தளைக்கு உரிய இடங்கள் நிறைய இருக்கின்றன: பிரேக் கம்பிகளின் மூட்டு, எண்ணெய்த் துளை மூடிகள், விளக்கு, மணி, கைப்பிடி முனைகள், வால்வு மூடி, மட்கார்டு நுனி, முன்பக்கச் சின்னம். இவற்றைக் கடைய வெளிநாட்டுக் கடைகளைத் தேட வேண்டாம். கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குத் தண்டுகளை வார்த்துக் கடைகிறார்கள். அந்த விளக்குக்குப் புவிசார் குறியீடு இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குத்துவிளக்குத் தண்டில் அடுக்கடுக்காக வரும் அந்த வளைவுகளும் விக்டோரியா காலத்து எந்திரக் கைப்பிடிகளின் வளைவுகளும் ஒரே லேத்தில் பிறந்தவை. காகிதத்தில் அளவோடு வரைந்து, முடிந்தால் மரத்தில் ஒரு மாதிரியும் செய்து கொடுத்தால் நல்ல கைகள் அதைவிட நன்றாகவே செய்து தரும். மணிக்கு மட்டும் பித்தளை வேண்டாம். ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் செம்பும், மீதி வெள்ளீயமும் சேர்ந்த மணி வெண்கலத்தில் வார்க்கச் சொல்லுங்கள். ஒலி தெருமுனைவரை போகும்.

பளபளக்கும் புதுப் பித்தளை உறுத்துகிறது, பழசுபோல ஆக்க வேண்டும் என்று பலரும் அம்மோனியா ஆவியில் வைக்கச் சொல்வார்கள். சீக்கிரம் கறுக்கும் என்பது உண்மைதான். ஆனால் உள்ளே இறுக்கம் தங்கிய பித்தளையை அம்மோனியா விரிசல் விடச் செய்யும். இதைக் கற்றுக்கொண்ட இடமே இந்தியாதான். பிரிட்டிஷ் ராணுவம் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடித்துப் பிளந்தன. குதிரைச் சிறுநீரிலிருந்து கிளம்பிய அம்மோனியாவும் ஈரமும் உறையை இழுத்து உருவாக்கியபோது தங்கிய இறுக்கமும் சேர்ந்த விளைவு அது என்பது 1920களின் தொடக்கத்தில் தெளிவாக விளக்கப்பட்டது. மாட்டுக் கொட்டகையில் வண்டி கிடக்கிறது என்றீர்களே, பித்தளை சேர்த்த பிறகு அங்கே திரும்பவும் வைக்காதீர்கள். கிளாம்பு, தகட்டு வளைவு, அடித்து ஒடுக்கிய மூடி போன்றவற்றுக்கு அம்மோனியா கூடவே கூடாது. புளி போட்டுத் தேய்த்து, கழுவித் துடைத்து, அப்படியே விடுங்கள். நம் கடலோரக் காற்றில் ஒரு மழைக்காலம் போதும், தேன் நிறத்துக்கு வந்துவிடும். அந்த நிறம் வந்ததும் தேன்மெழுகு தடவி நிறுத்திக்கொள்ளலாம். செம்பைக் கறுக்கச் செய்ய இன்னும் எளிய வழி: வேகவைத்த முட்டையைச் சூடாக உடைத்து, மூடிய டப்பாவில் செம்புத் துண்டோடு சில மணி நேரம் வையுங்கள். முட்டையின் கந்தகம் செம்பைப் பழுப்பும் கறுப்புமாக மாற்றிவிடும்.

செம்பும் பித்தளையும் எஃகை நேராகத் தொடக் கூடாது என்பதையும் மறக்காதீர்கள். உப்பு ஈரம் பட்டால் அந்தச் சந்திப்பில் எஃகுதான் அரிக்கப்படும். ஒவ்வொரு கிளாம்புக்கு அடியிலும் மெல்லிய தோல் பட்டை ஒன்றை வைத்தால் போதும், அது பார்க்கவும் நன்றாக இருக்கும். பிரேமில் துளை போடுவது, அலங்காரத்துக்காகக் கொக்கி பற்றவைப்பது இரண்டும் வேண்டாம். எல்லாமே கிளாம்பில் நிற்கட்டும். உங்கள் பிள்ளைகள் நாளை அதைப் பழையபடி மாற்ற நினைத்தால் மாற்ற முடிய வேண்டும்.

செம்புக் குழாய்க்கு வேலை என்ன கொடுப்பது? மின்கம்பியை அதற்குள் விடுங்கள். ஏ.சி. பழுதுபார்க்கும் கடைகளில் கால் அங்குலச் செம்புக் குழாய் சுருளாகக் கிடைக்கும். பதப்படுத்திய மெத்தென்ற செம்பு. வளைக்கும் ஸ்பிரிங்கை மாட்டிக் கையாலேயே நெளியாமல் வளைக்கலாம். டைனமோவிலிருந்து கீழ்க்குழாய் வழியே ஏறி விளக்குக்குப் போகும் பாதையைக் குழாயில் வரைந்துவிட்டால், வண்டிக்கு நீராவி எந்திரத்தின் நரம்பு வந்துவிடும். அது உண்மையிலேயே ஒன்றைச் சுமந்தும் செல்கிறது.

விளக்கு இந்த வண்டியின் முகம். கார்பைடு விளக்கில் மேலே தண்ணீர், கீழே கார்பைடு; திருகைத் திறந்தால் நீர் சொட்டி அசிட்டிலீன் கிளம்பி எரியும். பழைய விளக்கு கிடைத்தால் அதைக் கொளுத்திப் பார்க்க வேண்டாம், கூட்டை மட்டும் பயன்படுத்துங்கள். கார்பைடு இருந்த கீழறையில், வண்டி நிற்கும்போதும் எரிய ஒரு பேட்டரி அடங்கும், நீரைத் திறக்கும் திருகின் அடியில் சுவிட்சை வைக்கலாம். திருகைத் திருப்பினால் விளக்கு எரியும். இதைப் பார்த்தவர்கள் ஒருவர் தவறாமல் இன்னொருமுறை திருப்பிப் பார்க்கக் கேட்பார்கள். எல்.இ.டி. மஞ்சள் சாயல் உள்ளதாக இருக்கட்டும். வெள்ளை ஒளி முழு உழைப்பையும் கெடுத்துவிடும். பின்னால் சிவப்பு விளக்கும் பிரதிபலிப்பானும் கட்டாயம். கறுப்பு வண்டி இரவில் யார் கண்ணிலும் படாது.

அசையும் பாகம் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டால் அழுத்தமானியை விட்டுவிட்டு, தூரம் எண்ணும் கருவி ஒன்றை மாட்டுங்கள். 1895இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் கர்டிஸ் வீடர் காப்புரிமை பெற்ற சிறு கருவி அது. முன்சக்கர ஆரக்கம்பியில் ஒரு சிறு முள். அச்சருகே ஒரு நட்சத்திரச் சக்கரம். ஒவ்வொரு சுற்றுக்கும் முள் நட்சத்திரத்தை ஒரு தட்டு தட்டும், உள்ளே எண்கள் நகரும். பழைய கருவி அரிதாகத்தான் கிடைக்கும். ஆனால் தட்டினால் ஓர் எண் நகரும் எந்திர எண்ணி எதுவாக இருந்தாலும் இதே வேலையைச் செய்யும். 28 அங்குல சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் போகும். 450 தட்டு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். மெதுவாகப் போகும்போது கேட்கும் அந்த டிக் டிக் ஓசைக்காகவே இதைப் பரிந்துரைப்பேன்.

சீட்டுக்குத் தோல்தான். பர்மிங்காமின் புரூக்ஸ் நிறுவனம் 1866இல் தொடங்கி, 1882இல் தோல் சீட்டுக்கு முதல் காப்புரிமை வாங்கியது. இன்றும் ஏறக்குறைய அதே முறையில் செய்கிறது. விலை உறைக்கும். உள்ளூர்த் தோல் சீட் கிடைத்தாலும் போதும், அது பட்டையில் பதனிட்ட தோலா என்பதை மட்டும் பாருங்கள். குரோமில் பதனிட்ட தோல் உடலுக்கேற்ற வடிவத்தைப் பிடித்துக்கொள்ளாது, தொய்ந்துகொண்டே போகும். நம் தமிழ்நாட்டில் ஆவாரம் பட்டையில் பதனிட்ட ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோலுக்கு நீண்ட பெருமை உண்டு, புவிசார் குறியீடும் உண்டு. அது சீட்டுக்கு மெல்லியது. கைப்பிடி உறை, கருவிப் பை, கிளாம்புப் பட்டை ஆகியவற்றுக்கு அதைவிடப் பொருத்தமான தோல் இல்லை. கைப்பிடியில் பருத்தி நாடா சுற்ற விரும்பினால், அரக்கை எரிசாராயத்தில் கரைத்து நாலைந்து பூச்சுக் கொடுங்கள். வெள்ளை நாடா ஆழ்ந்த தேன் நிறமாகும், வியர்வையையும் தாங்கும்.

டயர் கறுப்பாக இருக்க வேண்டியதில்லை. ரப்பரில் கரித்தூள் சேர்க்கும் வழக்கம் 1910களில்தான் பரவியது. அதற்கு முன் டயர்கள் வெளிர்நிறம். இந்த அளவில் பாலாடை நிற டயர் வெளிநாட்டு நிறுவனங்களிடம் கிடைக்கிறது. பக்கவாட்டில் 40-635 அல்லது 28 x 1½ என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 28 அங்குலம் என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பாதீர்கள், அதே பெயரில் 622 அளவும் விற்கிறது. அது நம் ரிம்மில் ஏறாது.

வண்ணம் பூசியே ஆக வேண்டிய நிலையில் பிரேம் இருந்தால் பவுடர் கோட்டிங்கைத் தவிருங்கள். கனமாகப் படிந்து லக்குகளின் கூரிய விளிம்பை மழுக்கிவிடும், அந்த விளிம்புதான் இந்தப் பிரேமின் நகை. சூளையில் சுடும் எனாமல் சிறந்தது. இல்லையென்றால் மெல்லிய பூச்சுகளாகச் சாதாரண எனாமல். அந்தக் காலத்துக் கறுப்பு நிலக்கீல் கலந்தது, வெயிலில் பழுப்புச் சாயல் காட்டும். கறுப்பில் சொட்டுப் பழுப்பைக் கலக்கச் சொன்னால் வித்தியாசம் தெரியும். கோடு போட ஸ்டிக்கர் வாங்காதீர்கள். பெயர்ப்பலகை எழுதுபவர்களிடம் நீண்ட முடித் தூரிகை இருக்கும்; டிஜிட்டல் பலகைகள் வந்தபின் வேலை குறைந்து உட்கார்ந்திருக்கும் அந்தக் கைகளுக்கு ஒரு பிரேமுக்குக் கோடு இழுப்பது ஒரு பகல் வேலை. தங்கத்தூள் வண்ணம் ஈரத்தில் மங்கிப் பச்சை தட்டும். மாந்தளிர் மஞ்சளில் கோடு இழுத்து மேலே வார்னிஷ் கொடுத்தால், கறுப்பின் மேல் தங்கமாகவே தெரியும்.

பணத்தை எங்கே போடுவது என்று கேட்டீர்கள். சக்கரங்களிலும் முன் பிரேக்கிலும் முதலில் போடுங்கள், அடுத்து சீட்டில், அதன் பிறகு நிக்கல் முலாமில். விளக்கையும் குழாயையும் நீங்களே செய்துகொள்ளலாம். பித்தளைக் கடைசல் வேலையை ஒரே தடவையில் கொடுக்காமல், ஒவ்வொரு பாகமாகக் கொடுத்து மாட்டிப் பார்த்து அடுத்ததற்குப் போங்கள். நட்சத்திரத் தலைத் திருகுகளையும் அறுகோணக் குழித் திருகுகளையும் எடுத்துவிட்டு ஒற்றைக் கோடு வெட்டிய தலையுள்ள பித்தளை, எஃகுத் திருகுகளை மாட்டும் வேலைக்குச் செலவு சொற்பம்தான். முலாமுக்குக் கொடுக்க வேண்டியவற்றைக் கோடையிலேயே கொடுத்து வாங்கிவிடுங்கள். ஐப்பசி அடைமழையில் வெறும் இரும்பாகத் தேய்த்து வைத்த பாகம் ஓரிரவில் துருப்பிடிக்கும்.